மனைவிக்கு ஆட்சேபணை இல்லை

பதினான்காவது கட்டத்துக்கு வந்ததும் அச்யுத்தின் பேனா நின்றது.

‘மனைவியின் பெயர். இந்தக் காரை வைத்துக்கொள்வதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை என்பதற்கான கையெழுத்து.’

படிவத்தின் தலைப்பில் ‘மூசி பழைய கார்கள் கிளப், செகந்திராபாத்’ என்று அச்சிட்டிருந்தது. முதல் பதின்மூன்று கட்டங்களும் காரைப் பற்றியவை. தயாரித்த வருடம், எஞ்சின் எண், சேசிஸ் எண், நிறம். எல்லாவற்றையும் நிரப்பியாயிற்று. மல்லாபூரில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறவன் அவன். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் காகிதம் திரும்பி வரும். இந்தக் காகிதம் திரும்பி வர நேரமில்லை.

ஹம்ஸினி இறந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. டெங்கு. ஆறு நாள். அதற்குப் பிறகு அவன் நிரப்பிய படிவங்கள் எல்லாமே அவள் இல்லை என்று சொல்வதற்கானவை. வங்கி, காப்பீடு, வருமான வரி, கேஸ் இணைப்பு, அவளுடைய கம்பெனி. ஒவ்வொன்றுக்கும் இறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று. அவள் இருக்கிறாள், அவளுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதச் சொன்ன முதல் படிவம் இதுதான்.

பெயரை எழுதினான். கையெழுத்தையும் அவனே போட்டான். கூரியர் வரும்போதெல்லாம் அவளுக்காகப் போட்டுப் பழகிய கையெழுத்து.

இதற்கெல்லாம் காரணம் பழனிசாமி. கொண்டாப்பூரில் அவர்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். திருப்பூர்க்காரர். போன ஞாயிற்றுக்கிழமை கீழே கார் நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க அச்யுத், மனசுல வெச்சுக்காதீங்க. கமிட்டில தீர்மானம் போட்டுப்போட்டாங்க. ஓடாத வண்டி எதுவும் பார்க்கிங்ல நிக்கக் கூடாதுங்களாம். மாசக் கடைசிக்குள்ள எடுத்துறணும். இல்லீன்னா பழைய இரும்புக்காரன வரச் சொல்லிருவாங்க.”

“அது ஹம்ஸினியோட கார்.”

“எனக்குத் தெரியாதுங்களா? ஆனா கமிட்டில பதினோரு பேருங்க. அதுல நாலு பேரு ரெண்டாவது கார் வாங்கிட்டாங்க.”

“அது ஓடாத கார் இல்ல. பழமையான கார்.”

பழனிசாமி அந்தக் காரைப் பார்த்தார். 1966ஆம் வருட ஹெரால்டு. இரண்டு கதவுகள். சனத்நகரில் காலி செய்துகொண்டிருந்த ஒரு இன்ஜினியரிங் பட்டறையின் கொட்டகையில் ஹம்ஸினி அதைக் கண்டுபிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வார நாட்களில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. சனி, ஞாயிறு காருக்கு அடியில். இரண்டு வருடங்களில் எஞ்சின் ஒரே ஒரு முறை ஓடியது. பதினோரு நொடிகள். அவள் எண்ணினாள்.

“பழமையானதுன்னு யாராச்சும் எழுதிக் குடுப்பாங்களா? ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் கொண்டாங்க. மத்தத நான் பேசிக்கறனுங்க,” என்றார் பழனிசாமி.

அப்படித்தான் இந்தக் கிளப் படிவம் வந்தது.

*

மூன்றாம் நாள் அலுவலகத்தில் இருக்கும்போது போன் வந்தது.

“மிஸ்டர் அச்யுத்? லட்சுமணன் பேசறேன், கிளப் செக்ரட்டரி. ஃபார்ம் பார்த்தேன். ஃபர்ஸ்ட் கிளாஸ். ஒரு கட்டம்கூடக் காலி இல்ல. கவர்மெண்ட் ஆளா?”

“பப்ளிக் செக்டார், சார்.”

“எழுத்துலயே தெரியுது. ஆனா ஒரு விஷயம். பதினாலாவது கட்டத்தை நாங்க அப்படியே நம்பறதில்ல.”

அச்யுத் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“முன்னாடி ஒருத்தர் பெண்டாட்டி கையெழுத்தைத் தானே போட்டுட்டார். நாங்க பன்னெண்டு காரு, வரிசையா டேங்க் பண்ட் ஏரிக்கரை மேல போயிட்டிருக்கோம். அந்தம்மா ஆட்டோல வந்து வழி மறிச்சாங்க. மனுஷனைக் கார்லேருந்து இறக்கி நடத்தியே கூட்டிட்டுப் போயிட்டாங்க. காரு நடு ரோட்ல நிக்குது. பின்னாடி செகந்திராபாத் மொத்தமும் ஹாரன் அடிக்குது. அன்னிலேருந்து வெரிஃபிகேஷன். பெண்டாட்டி சம்மதம் இல்லாம எந்தப் பழைய காரும் உருப்படாது தம்பி. கிளப்போட முதல் ரூல் அதான்.”

“எப்படி சார் வெரிஃபை பண்ணுவீங்க?”

“என் ஒய்ஃப் கல்பகம்தான் லேடீஸ் விங் பிரசிடெண்ட். அவ உங்க ஒய்ஃபை விசாரிப்பா. போன்ல பேச்சு நக்கோ, வேண்டாம். அவளுக்குக் காது மந்தம். வாட்ஸ்அப்ல எழுதுவா. நம்பர் குடுங்க.”

அச்யுத் வாயைத் திறந்தான். இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். அதை எத்தனையோ கவுண்டர்களில் தடங்கலில்லாமல் சொல்லியிருக்கிறான்.

ஹம்ஸினியின் நம்பரைக் கொடுத்தான்.

அவளுடைய போன் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. மாதா மாதம் அவன் ரீசார்ஜ் செய்துவந்தான். ஏன் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

*

மறுநாள் மதியம் கேன்டீனில் இருக்கும்போது முதல் செய்தி வந்தது.

“வணக்கம் ஹம்ஸினி. நான் மிஸஸ் கல்பகம் லட்சுமணன். உன்னை நீன்னே சொல்றேன், என் பொண்ணு வயசு இருக்கும். உண்மையைச் சொல்லு. உன் வீட்டுக்காரர் உன்னைக் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினாரா?”

அச்யுத் கையைத் துடைத்துக்கொண்டு டைப் செய்தான்.

“இல்லை ஆன்ட்டி. கார் என்னுடையதுதான். அவருக்கு அதன் கதவைச் சாத்தக்கூடத் தெரியாது.”

பொய் சொல்ல உட்கார்ந்தவனுக்கு உண்மைதான் முதலில் வந்தது.

“அப்படிச் சொல்லு! நீ பாஸ். இந்தக் கிளப்பில் மத்தவங்க எல்லாரும் காரைச் சகிச்சுக்கிறவங்க. சாப்பிட்டாயா?”

கேள்வி ஹம்ஸினிக்கு. அச்யுத் தன் தட்டைப் பார்த்தான். “பாதி,” என்று பதில் எழுதினான்.

“மீதியையும் சாப்பிடு.”

சாப்பிட்டான்.

விசாரணை அதோடு முடிந்திருக்க வேண்டும். மறுநாள் கல்பகம், “இன்னிக்கு என்ன சமையல்?” என்று எழுதினாள். பல மாதங்களாக அவன் வீட்டில் ரொட்டிதான். “வெண்டைக்காய் சாம்பார்,” என்று எழுதினான். “புளி எவ்வளவு விடுவே?” என்று கேள்வி வந்தது. தெரியவில்லை. ஏதாவது எழுதினால் அனுபவமுள்ள பெண்மணி கண்டுபிடித்துவிடுவாள். வெண்டைக்காய் வாங்கிவந்து சாம்பார் வைத்துப் பார்த்தான். முதல் தடவை புளிப்பு. இரண்டாவது தடவை சரியாக வந்தது. “சின்ன எலுமிச்சை அளவு,” என்று பதில் போட்டபோது இரண்டு பாத்திரம் சாம்பார் மிச்சம் இருந்தது. மூன்று நாள் சாப்பிட்டான்.

நான்காம் நாள் மாலை.

“எங்க வீட்டு மனுஷன் ஈரத் துண்டைக் கட்டில் மேலயே போடறார். உன் வீட்டுல எப்படி?”

“இங்கேயும் அப்படித்தான் ஆன்ட்டி. கேட்டால் மறந்துட்டேன்னு சொல்வார்.”

அனுப்பிவிட்டுப் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். துண்டு கட்டில் மேல் கிடந்தது. ஹம்ஸினி படுக்கும் பக்கம். எழுந்து போய் அதை பால்கனிக் கொடியில் போட்டுவிட்டு வந்தான்.

“இப்போதுதான் எடுத்துக் காயப்போட்டார். அதிசயம்,” என்று எழுதினான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. “இங்கேயும்! இப்பதான் எழுந்து போனார்.”

*

“ஞாயித்துக்கிழமை காரைப் பார்க்க வரேன்,” என்றார் லட்சுமணன் போனில். “மேடம் இருப்பாங்கல்ல?”

“இல்ல சார். சென்னை போறா. தங்கச்சிக்குப் பிரசவம்.”

ஹம்ஸினி ஒரே பெண். தங்கையே கிடையாது.

“அச்சா! தங்கச்சி பேரு?”

அச்யுத் நிமிர்ந்தான். எதிர் மேசையில் இந்த வருடம் சேர்ந்த டிரெய்னி ஸ்டேப்ளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“சாஹித்யா.”

“நல்ல பேரு. இருங்க, கல்பகத்துக்கிட்ட சொல்லிட்டு வரேன்.”

போனைக் கீழே வைக்கும் சத்தம். செருப்பு உரசி நடக்கும் சத்தம். ஒரு கதவு. ஒரு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார்.

“ரொம்ப சந்தோஷப்பட்டா. உங்க ஒய்ஃபுக்கு எழுதறேன்னு சொல்றா.”

ஹம்ஸினி சென்னை போனதில் ஒரு வசதி இருந்தது. ஒரு சிக்கலும் இருந்தது. ஊருக்குப் போன மனைவி கணவனைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். அன்று மாலை, “அவர் தனியாக இருக்கார் ஆன்ட்டி. சாப்பிடறாரோ என்னவோ,” என்று எழுதினான்.

பத்து நிமிடத்தில் அவனுடைய போன் அடித்தது.

“தம்பி, லட்சுமணன். சாப்டீங்களா? உங்க ஒய்ஃப் கவலைப்படறாங்களாம்.”

அச்யுத் ஹம்ஸினியின் போனை எடுத்து, தான் எழுதியதை இன்னொரு தடவை படித்தான்.

“தம்பி? லைன்ல இருக்கீங்களா?”

“சாப்பிடறேன் சார். சொல்லுங்க அவகிட்ட.”

“ஹவ், ஹவ், சரி. கல்பகத்தை விட்டு எழுதச் சொல்றேன்.”

*

வியாழக்கிழமை காலை ஹம்ஸினியின் போனிலிருந்து, “குழந்தை பிறந்தாச்சு ஆன்ட்டி, பையன்,” என்று செய்தி போயிற்று. மதியம் லட்சுமணன் அழைத்தார்.

“கங்கிராஜுலேஷன்ஸ்! மச்சினிக்குப் பிரசவம் ஆச்சாமே?”

“ஆமா சார். பொண்ணு.”

ஏன் அப்படி வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. வீட்டில் அவனும் ஹம்ஸினியும் என்றைக்காவது தங்களுக்குப் பிறக்கும் குழந்தையை எப்போதும் பொண்ணு என்று சொல்லித்தான் பேசிக்கொள்வார்கள்.



“பொண்ணா? கல்பகம் பையன்னு சொன்னாளே.”

“ரெண்டும் சார். ட்வின்ஸ்.”

“அரே வா!” என்று லட்சுமணன் கத்தியது எதிர் மேசை வரைக்கும் கேட்டது.

அதன் பிறகு எடை கேட்டாள் கல்பகம். நட்சத்திரம் கேட்டாள். ரோகிணி என்றான். “அன்னிக்கு ரோகிணி இல்லையே, காலண்டர்ல வேற போட்டிருக்கே,” என்று எழுதினாள். நள்ளிரவு தாண்டிப் பிறந்ததாகத் தேதியைத் தள்ளினான். அப்படியும் ரோகிணி வரவில்லை. நர்ஸ் தப்பாகக் குறித்துவிட்டாள் என்றான். “எந்த ஆஸ்பத்திரி? நல்லா நாலு கேள்வி கேட்கச் சொல்லு,” என்றாள்.

இனி ஞாபகத்தை நம்பிப் பயனில்லை. டெண்டர்களுக்குப் போடுவது போல ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் தயார் செய்தான். முதல் வரிசையில் விவரம். இரண்டாவதில் ல.விடம் சொன்னது. மூன்றாவதில் க.விடம் சொன்னது. தலைப்பு: சாஹித்யா, பிரசவம், இரட்டை. தவறுதலாக அதை அலுவலக பிரிண்டரில் போட்டுவிட்டான்.

டிரெய்னி சாஹித்யா காகிதத்தோடு வந்து நின்றாள். தெலுங்குப் பெண், தமிழ் படிக்க வராது. தலைப்பையும் எண்களையும் அவன் ஆங்கிலத்தில் போட்டிருந்தான்.

“சார், இதுல நா பேரு உந்தி, என் பேரு. ட்வின்ஸ்னு இருக்கு.”

“அது வேற சாஹித்யா.”

“டெலிவரி முடிஞ்சிருச்சா சார்?”

“முடிஞ்சிருச்சு.”

“நார்மல்?”

அந்தக் கட்டம் அவன் பட்டியலில் இல்லை. காகிதத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டான்.

*

ஞாயிற்றுக்கிழமை லட்சுமணன் வந்து இறங்கினார். எழுபது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் சின்ன டார்ச். கையில் ஒரு துணிப்பை.

“கல்பகம் குடுத்தனுப்பினா. குழந்தைங்களுக்கு.”

இரண்டு கம்பளிக் குல்லாய்கள். ஏப்ரல் மாதச் சென்னைக்கு.

“தேங்க்ஸ் சார்,” என்றான் அச்யுத்.

இந்தக் கட்டடத்தில் ஹம்ஸினி இறந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பேசுகிறவர் பழனிசாமி ஒருவர்தான். அவரைத் தள்ளி வைத்தால் போதும். காலையிலேயே மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வழிகிறது என்று சொல்லி அவரை மேலே அனுப்பியிருந்தான். தொட்டி வழியவில்லை. அதை உறுதி செய்ய பழனிசாமி மூடியைத் திறந்து, மிதவையை அமுக்கி, வால்வை உடைத்துவிட்டார். இப்போது உண்மையிலேயே வழிந்தது.

கீழே லட்சுமணன் காரை ஒரு முறை சுற்றி வந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஹெரால்டுக்கு முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, அப்படியே முன்னால் கவிழ்ந்து திறக்கும். உள்ளே எல்லாப் பாகங்களிலும் காகித டேப் ஒட்டி ஹம்ஸினி எழுதி வைத்திருந்தாள். லட்சுமணன் டார்ச் அடித்துப் படித்தார்.

“‘கார்பரேட்டர், சுத்தம் செய்தது, ஜூன் 2.’ குட். ‘ரேடியேட்டர் ஹோஸ், புதுசு.’ குட். ‘இதைத் தொடாதே அச்யுத்.’” நிமிர்ந்தார். “இது என்ன?”

“பேட்டரி வயர் சார். ஒரு தடவை மாத்திக் குடுத்துட்டேன்.”

“‘இதையும்தான்.’” டார்ச் நகர்ந்தது. “‘அச்யுத், கையை எடு.’ ஹா! இந்தம்மா அசல் மெக்கானிக். எங்க கிளப்புல இருக்கற பாதிப் பேருக்கு டிப்ஸ்டிக் எங்க இருக்குன்னு தெரியாது.” மேலும் படித்தார். கடைசி டேப்பில் வெளிச்சம் நின்றது. “ஆகஸ்ட் 17. அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ணலையா?”

“அவளுக்கு வேலை ஜாஸ்தி சார்.”

லட்சுமணன் டார்ச்சை அணைத்தார். பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

“ஹவ்,” என்றார். “வேலை வந்துட்டா அப்படித்தான்.”

அப்போது படிக்கட்டில் பழனிசாமி வந்தார். தலையிலிருந்து செருப்பு வரை ஈரம்.

“ஏனுங்க, தொட்டி நல்லாத்தானுங்க இருந்துச்சு!” என்று ஆரம்பித்தவர் லட்சுமணனைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார். “கிளப்காரருங்களா? வாங்க. நல்லபடியா எழுதிக் குடுங்க சார். அந்தப் புள்ள இந்த வண்டி மேல உசுரா இருந்துச்சுங்க. பாவம், அது மட்டும் இப்ப இருந்திருந்தா...”

அச்யுத் ஹாரனை அமுக்கினான். ஹாரன் வேலை செய்யவில்லை. பானெட்டை இழுத்துச் சாத்தினான். அவனுடைய விரல் நடுவில் மாட்டிக்கொண்டது.

“இருந்திருந்தா?” என்றார் லட்சுமணன்.

“சென்னைல இல்லாம இங்க இருந்திருந்தான்னு சொல்றார் சார்,” என்றான் அச்யுத், பல்லைக் கடித்துக்கொண்டு.

பழனிசாமி அவனைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். அவன் கையில் தொங்கிய துணிப்பையிலிருந்து எட்டிப் பார்த்த இரண்டு குல்லாய்களையும் பார்த்தார். அவர் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஆமாங்க,” என்றார் மெதுவாக. “சென்னைல இருக்குதுங்க. வந்துரும்.”

லட்சுமணன் தலையாட்டினார். காரின் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டார்.

“கார் பாஸ், தம்பி. அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மாரேட்பள்ளில நம்ம வீட்டு வாசல்ல விழா. சர்ட்டிபிகேட்டை மேடம் கைலதான் குடுப்போம். அது ரெண்டாவது ரூல். சம்மதம் குடுத்தது அவங்கதானே?”

“அவ வர அடுத்த மாசம் ஆகும் சார். ட்வின்ஸ்.”

“அப்ப அடுத்த மாசம் வாங்கிக்கலாம். எதுக்கு அவசரம்?”

மாசக் கடைசி, விழாவுக்கு மறுநாளே வந்துவிடும்.   லட்சுமணன் போன பிறகு பழனிசாமி அங்கேயே நின்றார்.

“ஏனுங்க இப்படி?” என்று கேட்டார்.

அச்யுத் விரலைக் காட்டி, “ஐஸ் இருக்கா உங்க வீட்ல?” என்று கேட்டான்.

*

இனி கல்பகம்தான் கதி.

“ஆன்ட்டி, ஞாயிற்றுக்கிழமை என்னால் வர முடியாது. ஆனால் சர்ட்டிபிகேட் அன்றைக்கே வேண்டும். இல்லாவிட்டால் காரை இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். அவரிடம் கொடுத்துவிடச் சொல்கிறீர்களா?”

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பதில் இல்லை. வியாழன் மாலை வந்தது.

“அந்த ரூலை எழுதினதே நான்தான் ஹம்ஸினி. இருந்தாலும் இவர்கிட்ட சொன்னேன். முதல்ல முடியாதுன்னார். அப்புறம் சரின்னுட்டார். நாப்பத்து மூணு வருஷத்துல நான் சொன்ன எதையும் இவர் தட்டினதில்லை. உன் வீட்டுக்காரரை வந்து வாங்கிக்கச் சொல்லு.”

முடிந்தது. கார் பிழைத்தது. அச்யுத் இரண்டு தடவை படித்தான். “ரொம்ப நன்றி ஆன்ட்டி,” என்று எழுதினான். போனைக் கீழே வைக்கப் போகும்போது இன்னொரு செய்தி வந்தது.

“ஒண்ணே ஒண்ணு. காரியம் ஆயிடுச்சுன்னு எனக்கு எழுதறதை நிறுத்திடாதே. இவர் வீட்ல இருக்கார்தான். ஆனா அவரும் பேச ஆள் இல்லாதவர்தான். நீ எழுதினா இந்த வீட்ல கொஞ்சம் சத்தம் கேட்குது.”

அவன் பதில் எழுதவில்லை. துண்டு கட்டில் மேல் இல்லை, கொடியில் இருந்தது. அடுப்பில் ரசம் இருந்தது. இதையெல்லாம் எழுதலாம். எழுதினால் அவள் சிரிப்பாள். மாரேட்பள்ளியில் காது கேட்காத ஒரு வயதான பெண்மணி, போனைக் கையில் வைத்துக்கொண்டு, செத்துப்போன ஒருத்தியின் பதிலுக்காகக் காத்திருக்கிறாள். வங்கியை ஏமாற்றியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

அதே சமயம் இதுவும் அவனுக்குத் தெரிந்தது: சொல்லிவிட்டால் சர்ட்டிபிகேட் போகும். கார் போகும். கல்பகம் போவாள். அவளுக்கு எழுதுகிற ஹம்ஸினியும் போவாள், இரண்டாவது தடவையாக.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் ஒரு முழுத் தாளில் எழுதினான். ‘மதிப்பிற்குரிய அம்மா, பொருள்: ஹம்ஸினி’ என்று ஆரம்பித்தான். கீழே நான்கு வரி. இறப்புச் சான்றிதழின் நகல் ஒன்றைப் பின்னால் இணைத்தான். சாஹித்யா ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மாரேட்பள்ளிக்குப் போனான். விழாவுக்கு முந்தின நாள் லட்சுமணன் வீட்டில் இருக்க மாட்டார் என்று கணக்குப் போட்டிருந்தான். ஓட்டு வீடு. ஷெட்டில் துணி போர்த்திய கார் ஒன்று. வாசலில் பந்தல் கம்புகள் சாத்தியிருந்தன. மணியை அடித்தான்.

ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி கதவைத் திறந்தாள். கழுத்தில் சிலுவை. இரண்டு கையிலும் கோதுமை மாவு.

“சார் இல்லையே. பந்தல்காரனைத் தேடிப் போயிருக்காரு. நான் ஆக்னஸ், சமையல் வேலை. என்ன விஷயம்?”

“சாரைப் பார்க்க வரல. கல்பகம் ஆன்ட்டியைப் பார்க்கணும். தனியா. அஞ்சு நிமிஷம் போதும்.”

ஆக்னஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“அவங்களுக்குக் காது கேட்காதுன்னு தெரியும்,” என்றான் அச்யுத் அவசரமாக. “எழுதியே கொண்டுவந்திருக்கேன்.”

“நீங்க யாரு?”

“ஹம்ஸினியோட வீட்டுக்காரர்.”

ஆக்னஸின் முகம் மலர்ந்தது. “ஹம்ஸினி வீட்டுக்காரரா! உள்ள வாங்க, உள்ள வாங்க. விரல் எப்படி இருக்கு? ட்வின்ஸ் எப்படி இருக்காங்க? நேத்து பூராவும் அந்தப் பொண்ணு பதிலே போடலைன்னு சார் சாப்பிடவே இல்ல.”

“சாரா?”

ஆக்னஸ் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மாவுக் கையோடு அவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“கல்பகம்மா போய் மூணு வருஷம் ஆகுது தம்பி. அவங்க போன்லேருந்து சார்தான் எழுதறாரு. தயவு பண்ணி உங்க ஒய்ஃப்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பாவம், அந்தப் பொண்ணு, கல்பகம்மா உசுரோட இருக்காங்கன்னு நம்பிக்கிட்டிருக்கு.”